ரோதமுனியின் வெட்கம்

இந்த வருடம் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குக் கட்டிய பேனரில், "கடல் கடந்து தானாக வந்த ரோதமுனி" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிக் கூட்டிப் படித்து முடித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. தானாக வர அவருக்குக் கால் ஏது? பக்கத்தில் நின்ற ஃபாக்டரிப் பெண்பிள்ளைகள் என்னவென்று கேட்டார்கள். சொன்னேன். இதை விழா மலருக்குக் கொடுங்கள் பெரியம்மா என்று பிடித்துக்கொண்டார்கள். நான் சொல்லச் சொல்ல, தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் எழுதியது இது. அவர் நடுவில் சேர்த்த அழகான வார்த்தைகளையெல்லாம் படித்துக் காட்டச் சொல்லி எடுத்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

என் பெயர் செல்லம்மாள். கூடலூர்ப் பக்கம் தேவர்சோலைக்கு மேலே இருக்கிற இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கச் சேர்ந்து, ஃபாக்டரி ரோலர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இந்தத் தோட்டத்தில் ரோலர் அறைக்குள் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. இன்றைக்கு அந்த அறையில் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வேலை செய்கிறார்கள். யாருடைய வாயால் அந்தக் கதவு திறந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் பிறந்தது சிலோனில், கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது சொந்தமாகச் சடை பின்னத் தெரிந்த வயது எனக்கு. கப்பல், மண்டபம் முகாம், ரயில், லாரி என்று வந்து இறங்கிய இடம் இந்த மலை. கொழுந்து பறிக்க அம்மா சொல்லிக் கொடுத்தது ஒரு காலைப் பொழுதுதான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடு, நகத்தால் கிள்ளாதே, விரலால் ஒடி, கைக்குள் அமுக்கி வைக்காதே, சூடேறிச் சிவந்துவிடும். மிச்சத்தை மழையும் அட்டையும் சொல்லிக் கொடுத்தன. கல்யாணம் ஆனது. இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவர்களுடைய அப்பா ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

ரோதமுனியைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ரோதை என்றால் சக்கரம். ஃபாக்டரியில் சுற்றுகிற இயந்திரத்தையும் நாங்கள் ரோதை என்றுதான் சொல்லுவோம். சிலோனில் ஃபாக்டரி இருக்கிற தோட்டங்களில் ரோதைக்கு ஒரு காவல் சாமி உண்டு. அவர்தான் ரோதமுனி. எங்கள் தோட்டத்துப் பூசாரி முத்தையா மாமா சொல்லும் கதை இப்படிப் போகும். வெள்ளைக்கார துரை முதன்முதலில் ரோதையைக் கொண்டுவந்து வைத்தபோது அது சுற்ற மறுத்து நின்றுவிட்டதாம். ஒரு கூலியாளின் கனவில் கோவணத்தோடு ஒருவர் வந்து, எனக்கு ஒரு இடம் கொடு, உன் ரோதையை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றாராம். ஒரு கல்லை நட்டார்கள், ரோதை சுற்றியது. அன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கையால் அவர் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். கோவணத்தோடு நிற்கிற சாமி என்பதால் வெட்கம் அதிகம். பெண்பிள்ளை எதிரே வந்தால் கூச்சத்தில் கையை எடுத்து இடுப்பை மூடிக்கொள்வார், ரோதை கைவிட்டுப் போய்விடும். அதனால் ரோதை இருக்கிற அறைக்குள் பெண்கள் போகக் கூடாது.

அந்தக் கல்லைக் கப்பலில் கொண்டுவந்தது முத்தையா மாமாதான் என்பது அடுத்த கதை. தகரப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம். கப்பல் ஏறுகிற தலைமன்னாரில் பெட்டியைச் சோதிக்கத் தூக்கியபோது நாலு ஆட்களால் அசைக்க முடியவில்லையாம். மாமா போய் ஒரு கையால் தூக்கினால் பஞ்சு மாதிரி வந்ததாம். திருவிழாவில் இந்த இடம் வரும்போது அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். நாங்கள் எல்லோரும் குலவை போடுவோம்.

இங்கே வந்த பிறகு நடந்தது இன்னொரு கதை. மாரியம்மன் கோவிலுக்கு நேர் முன்னால் முனியை வைத்தார்கள். ஏற்றிய விளக்கு அணைந்து அணைந்து போனது. இந்த மலைக்கு முன்பே ஒரு காவல் சாமி உண்டு, அவர் முகத்துக்கு எதிரே போய் இன்னொரு காவல்காரரை நிறுத்தினால் எப்படி என்று நாடுகாணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எடுத்துச் சொன்னாராம். சரி என்று முனியைப் பக்கவாட்டில் திருப்பி, கீழே இருந்த புதர்க்காட்டைப் பார்க்க வைத்தார்கள். விளக்கு அணையாமல் நின்று எரிந்தது. அப்போது எங்களுக்கு ஃபாக்டரி கிடையாது, கொழுந்து லாரியில் வேறு இடத்துக்குப் போகும். ரோதை இல்லாத ரோதமுனி பல வருடம் அந்தப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபாக்டரி கட்ட இடம் தேடியபோது அந்தப் புதர்க்காடுதான் அமைந்தது. சமதளம் அங்கேதான் இருக்கிறது என்று இன்ஜினியர் சொன்னார். நாங்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம்.

முத்தையா மாமாவின் மனைவி அங்கம்மா அத்தை. தினமும் காலையில் முனிக்குப் சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத தேத்தண்ணி, போட்டுக் கொண்டுவருவார். பெண் என்பதால் கல்லைச் சுற்றிப் போட்ட வேலிக்கு வெளியே நின்று கொடுப்பார். மாமா வாங்கிக் கல்லுக்கு முன்னால் வைப்பார். அத்தை அதிகம் பேச மாட்டார். அவர்களுடைய ஒரே மகன் மாரிமுத்து, ஃபாக்டரியில் ரோலர் ஓட்டுகிறவன்.

ஒரு மழைக்காலத்தில், கூடை நிறையக் கொழுந்தோடு சரிவில் வழுக்கி விழுந்தேன். முதுகு போய்விட்டது. இனிமேல் கூடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கூடை தூக்காவிட்டால் மலையில் வேலை இல்லை. தோட்டத்து வேலைப் பட்டியலில் பேர் இருப்பவர்களுக்குத்தான் லயத்து வரிசை வீடுகளில் காம்பரா. அந்த ஒற்றை அறைதான் எனக்கும் என் பெண்களுக்கும் உலகம். பார்த்து ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டேன். ஃபாக்டரியில் கூட்டவும், தூளில் நார் பொறுக்கவும் போட்டார்கள். அங்கேதான் டீமேக்கரைப் பார்த்தேன்.

தூள் எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர் டீமேக்கர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வெற்றிலை, பீடி எதுவும் கிடையாது, மூக்கு மழுங்கிவிடுமாம். கொழுந்தைத் தொடும் முன் கை கழுவுவார். யாராவது தப்பாகச் செய்தால் திட்ட மாட்டார். பக்கத்தில் வந்து அதே வேலையை ஒருமுறை தன் கையால் செய்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். திட்டு வாங்கினால்கூட மறந்துவிடலாம். அது மறக்காது.

கொழுந்து வந்ததும் நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்ட வேண்டும். பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து உருண்டையாக அமுக்கிக் கையைத் திறப்பார். பட்டென்று விரிந்தால் இன்னும் வாட வேண்டும். சோம்பலாக மெல்ல விரிந்தால் பதம். காம்பை மடித்தால் ஒடியாமல் வளைய வேண்டும். கூட்டுகிற சாக்கில் நானும் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்ப்பேன். ஒருநாள் அவர் அதைப் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம், "ஏனுங்கக்கா, இது எப்படி இருக்குதுங்க?" என்று கேட்பார். நான் சொல்லுவேன். பாதி நேரம் என் பேச்சு தப்பாக இருக்கும். அப்போதும் அவரே ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்து அமுக்கச் சொல்லிவிட்டுப் போவார். தப்பு குறைந்தது.

அந்தச் சமயம் ஆண்பிள்ளைகள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போக ஆரம்பித்திருந்தார்கள். ரோலர் அறையில் ஆள் பற்றவில்லை. டீமேக்கர் என்னை வரச் சொன்னார். முனி விஷயத்தைச் சொன்னேன். யோசித்துவிட்டு, சாமிக்கு நம்மால் தொந்தரவு வராமல் வேலை செய்யலாம் என்றார். நான் முனியின் வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனேன்.

ரோலர் என்பது வட்டமான பித்தளை மேசை. அதன்மேல் அடியில்லாத அண்டா மாதிரி ஒரு உருளை. வாடிய கொழுந்தை அதற்குள் கொட்டி, மேல்மூடியைத் திருகி இறக்கினால் அண்டா மேசைமேல் சுற்றிச் சுற்றி வரும். உள்ளங்கையில் இலையை வைத்துத் தேய்க்கிற மாதிரிதான். முதலில் அழுத்தக் கூடாது, இலை தன்பாட்டில் சுருளட்டும் என்று விட வேண்டும். பிறகு கொஞ்சம் அழுத்தி, மூடியைத் தூக்கி மூச்சுவிடச் செய்து, மறுபடி அழுத்த வேண்டும். ஒரேயடியாக அழுத்தினால் இலை சூடேறிவிடும், தேத்தண்ணியில் உயிர் இருக்காது. பச்சை வாடை போய்ப் பழ வாசனை எட்டிப் பார்க்கும்போது அறையே மாறிவிடும். அந்த வாசனைக்காகவே நான் சீக்கிரம் போவேன்.

நான் போய் ஒரு வாரம் ஆகியிருக்காது. மேசை விளிம்பில் இலை பிதுங்கி நின்றது. ரோலரை நிறுத்திவிட்டுத்தான் அதைத் தள்ள வேண்டும். ஓடும்போது கை வைத்தால் வேலை போய்விடும் என்று வாசலில் எழுதியே இருந்தது. ஆனால் நிறுத்தினால் நேரம் போகும் என்று எல்லோரும் ஓட்டத்திலேயே கையால் தள்ளிவிடுவார்கள். மாரிமுத்துவும் தள்ளினான். அண்டா வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

அவன் கத்தினானா என்று எனக்கு நினைவில்லை. சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை நான் அடித்தது நினைவிருக்கிறது. ரோலர் நின்றது. என் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கையைச் சுற்றினேன். டீமேக்கர் ஜீப்பில் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு விரல் போய்விட்டது. கை பிழைத்தது.

அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க ஒரே பேச்சு. பொம்பளை உள்ளே போனாள், முனி கையை விட்டுவிட்டார். மாரிமுத்துவிடம் கேட்டதற்கு அவனும், எப்படி நடந்ததென்றே தெரியவில்லை, யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டான். ஓட்டத்தில் கை வைத்தேன் என்று சொன்னால் அவன் வேலை போய்விடும். எனக்கு அது புரிந்தது. ஆனால் மறுநாள் ரோலர் அறை ஆட்கள், அந்தப் பொம்பளை உள்ளே இருந்தால் நாங்கள் வர மாட்டோம் என்று வெளியே நின்றுவிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் என் குடத்துக்கு முன்னும் பின்னும் இடைவெளி விட்டுப் பெண்கள் குடம் வைத்தார்கள். என் சின்ன மகள், நாம் எங்கே போவோம் என்று கேட்டாள். 

டீமேக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கை கழுவிக்கொண்டே பேசினார்.

"உள்ளத மேல சொன்னா மாரிமுத்து வேலை போயிருமுங்க. சொல்லாம உட்டா உங்க வேலை போயிரும். எனக்கு ரெண்டுமே ஆகாதுங்க அக்கா. என்ன பண்றதுன்னு தெரியலீங்க. ஆனா உங்கள உள்ள போட்டது நானு. வெளிய போகோணும்னா அதையும் நாந்தான் சொல்லோணும். அது வரைக்கும் நீங்க வந்துட்டே இருங்க."

மாரிமுத்து கை வைத்ததை நான் பார்த்தேன். சொல்லியிருந்தால் என் பக்கம் கொஞ்சம் பேர் வந்திருப்பார்கள். சொல்லவில்லை. அவனுக்கும் ஒரு காம்பராதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலில் கூடினார்கள். டீமேக்கரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் வந்து நின்றார். கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மாரிமுத்து தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முனி என்ன சொல்கிறார் என்று பூசாரி சொல்ல வேண்டும். அடிபட்டவனுக்கு அப்பாவும் அவர்தான்.

முத்தையா மாமா கல்லுக்கு முன்னால் சூடம் ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

"முனி புதுசா என்னா சொல்லப் போறாரு. வெக்கக்கார சாமி. பொம்பள நின்னா கைய விட்டுருவாருன்னு நான் எத்தன வருஷமாச் சொல்லிக்கிட்டு வாறேன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேலிக்கு வெளியே சாயத்தண்ணிக் கேத்தலோடு உட்கார்ந்திருந்த அங்கம்மா அத்தை அப்போது எழுந்தார்.

"வெக்கமா? என் வயித்துல கட்டிக் கெடந்தவனுக்கு இனிமே என்னாங்க வெக்கம்?"

மாமா, சும்மா இரு என்று கையைக் காட்டினார். அத்தை சும்மா இருக்கவில்லை. கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, சந்தையில் சாமான் விலை சொல்கிற குரலில் சொன்னார். தலைமன்னாரில் கல்லுக்குள் தங்கம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னதால் மாமா கல்லை அங்கேயே விட்டுவிடப் பார்த்தாராம். அத்தைக்கு மனசு வரவில்லை. அப்போது மாரிமுத்து வயிற்றில், வெளியே தெரியாத மாதம். பழைய சேலையில் கல்லைச் சுற்றி வயிற்றோடு இறுக்கிக் கட்டி, மேலே சேலை உடுத்திக்கொண்டாராம். நிறைமாதம் என்று நினைத்துச் சுங்கக்காரர் எழுந்து வழிவிட்டு, உட்காரப் பெஞ்சும் போடச் சொன்னாராம்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "அப்ப பெட்டி? நாலு பேரு தூக்க முடியாத பெட்டி?"

"அதுல என் அம்மியும் கொழவியும் இருந்துச்சு. நாலு பேரு இல்ல, ரெண்டு பேருதான். இவரு தூக்கவே இல்ல. போர்ட்டர்தான் தூக்குனான்."

முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. பிறகு ஆண்களும் சிரித்தார்கள். டீமேக்கர் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அத்தை சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்தார்.

"ரெண்டு பேரும் என் வயித்தோடதான் கடல் தாண்டுனாங்க. ஒருத்தன் உள்ள, ஒருத்தன் வெளிய. அண்ணன், தம்பி கைய எடுப்பானா? முழுக் கையும் போயிருக்கணும். ரெண்டு வெரலோட நின்னுச்சே, எதனால? ரோதைய நிப்பாட்ட ஒருத்திய அங்க கொண்டாந்து நிக்க வச்சிருக்கான் பெரியவன். அவள வெளிய அனுப்புங்க. அனுப்பிட்டு, அடுத்தவன் கை மாட்டுனா யாரு ஓடியாந்து நிப்பாட்டுவீங்கன்னு இப்பவே சொல்லிட்டுப் போங்க."

 மாரிமுத்து மட்டும் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். உடனே குனிந்துகொண்டான்.

முத்தையா மாமா கல்லுப் பக்கம் திரும்பி, எரிந்து முடிந்த சூடக் கரியைத் துடைத்தார். திருவிழாவுக்குத் திருவிழா ஒரு கையைத் தூக்கிக் காட்டின மனிதர். அவருக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. கடைசியில் எங்கள் பக்கம் திரும்பினார்.

"அம்மி கனந்தான்" என்றார். "நல்ல கனம்."

பிறகு திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு, "செல்லம்மா, உள்ள வா" என்றார். வேலிக்கு உள்ளே நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். நெற்றியில் பூசிவிட்டார். கண்ணிலும் கொஞ்சம் விழுந்துவிட்டது. டீமேக்கர் பின்னாலிருந்து, அப்போ நாளைக்கு ரோலர் ஓடுமுங்களா என்று கேட்டார். ஓடும் என்றார் மாமா.

மறுநாள் காலையில் அங்கம்மா அத்தை ஃபாக்டரிக்கு வந்தார். இத்தனை வருடம் சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தவர், அவருடைய முனி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. டீமேக்கரே வாசலுக்கு வந்து, வாங்கம்மா என்று அழைத்துப் போனார். அத்தை ரோலரை மேலும் கீழும் பார்த்தார். நான் ஓட்டிக் காட்டினேன். பித்தளை மேசைமேல் அண்டா சுற்றியது. உள்ளே போட்ட கொழுந்து முழுதாகச் சுருண்டு முடிகிற வரை அசையாமல் நின்று பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார். ஆனால் போகும்போது சேலைத் தலைப்பால் அந்தப் பித்தளை விளிம்பைத் துடைத்துவிட்டுத்தான் போனார்.

கல்லை நிஜமாகவே வயிற்றில் கட்டிக்கொண்டுதான் வந்தீர்களா என்று பிறகு நான் அத்தையிடம் ஒருமுறை கேட்டேன். சேலையை இடுப்பில் கொஞ்சம் தளர்த்திக் காட்டினார். கல்லின் முனை உராய்ந்த தழும்பு, நகத்தளவு, வெள்ளையாக இருந்தது. இதைச் சொல்ல அத்தையும் மாமாவும் இப்போது இல்லை. அதனால்தான் பேனரைப் பார்த்ததும் வாயைத் திறந்தேன்.

டீமேக்கர், விபத்தைப் பற்றி மேலே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மாரிமுத்துவின் வேலை போகவில்லை. இலையைத் தள்ளக் கைப்பிடி வைத்த ஒரு மரத்தட்டு செய்து வைத்தார். முதல் நாள் அதை எப்படிப் பிடிப்பது என்று தானே ஒருமுறை தள்ளிக் காட்டிவிட்டுப் போனார். சில வருடங்களில் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது என் கையில் ஒரு பிடி வாடிய கொழுந்தை வைத்து, எப்படி இருக்குதுங்க என்றார். பதம் என்றேன். சரியாகத்தான் இருந்தது. என் பெண்கள் இரண்டு பேரையும் அந்தக் காம்பராவில் இருந்துதான் கட்டிக் கொடுத்தேன். என்னை வெளியே அனுப்ப ஒரு மனிதர் எடுக்காமல் விட்ட முடிவு என் வீட்டைக் காப்பாற்றியது என்று அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா, தெரியவில்லை. இந்த மலர் எப்படியாவது அவர் கைக்குப் போனால் சந்தோஷம்.

மாரிமுத்து காயம் ஆறி வந்தான். கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நன்றி என்றோ, தப்பு என்றோ ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இலை இறுகி நின்றால் தட்டு மட்டும் போதாது, ரோலரை நிறுத்திவிட்டுக் கையால்தான் எடுக்க வேண்டும். வந்த முதல் நாள் அப்படி ஒன்று நின்றது. நான் பொத்தானை அடித்தேன். அண்டா நின்றது. அது நின்றதை அவனும் பார்த்தான். இருந்தாலும் அந்த மூன்று விரல் கையை மேசைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா?"

"நின்னுருச்சு. கையப் போடு."

நான் ஓய்வு பெறுகிற வரை ஒவ்வொரு தடவையும் அவன் கேட்டான். ஒவ்வொரு தடவையும் நான் சொன்னேன்.